'தற்காலிகமாக' மூடிய ரயில் குகை: 50 வருஷத்துக்கு மேல் ஆகியும் விடாமல் கேட்கிற ஒரு ஊர்!

வணக்கம் மக்களே! 1968 பிப்ரவரியில், பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் ரோண்டா என்ற ரயில் குகையை மூடினார்கள். தற்காலிகமாகத்தான் மூடுகிறோம், அதுவரைக்கும் பஸ் விடுகிறோம் என்றார்கள். பஸ் ஓடியது. ரெண்டு வருஷத்துக்கு மேல் போனது. 1970 டிசம்பரில் அந்தத் தற்காலிகம் நிரந்தரமாகிவிட்டது. அதோடும் நிற்கவில்லை. இன்னும் பத்து வருஷம் கழித்து ரெண்டு பக்க வாசலிலும் மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். புல் முளைத்து, அங்கே ஒரு வாசல் இருந்த அடையாளமே இல்லாமல் போனது. உள்ளே 3,148 மீட்டர் நீளத்துக்கு ஒரு குகை அப்படியே கிடக்கிறது!

அதைத் தோண்டித் திறந்துவிடுங்கள், சைக்கிளிலாவது போய்வருகிறோம் என்று அந்த ஊர் மக்கள் 2014ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அவர்கள் கதைதான் இன்றைக்கு.

(திரையில்: மலைச்சரிவு, புல்மேடு)

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம்ம சேலத்தில் குகை என்றால் லைன்மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற குகை ஏரியாதான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்வது ரயில் போகிற குகை. சுரங்கப்பாதை என்று சொல்லலாம், ஆனால் ரயில் ஏறுகிற யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் வீடியோ முழுக்கக் குகை என்றே சொல்கிறேன்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்குப் போகிற மலை ரயிலில் போயிருக்கிறீர்களா? அதுவும் நம்ம சேலம் ரயில்வே கோட்டத்தில்தான் வருகிறது. மொத்தம் 16 குகை. போன தடவை அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். வண்டி முதல் குகைக்குள் மூக்கை நுழைத்ததும் பெட்டி முழுக்க "ஓஓஓ" என்று ஒரே சத்தம், பெரியவர்கள் சின்னவர்கள் என்று பார்க்கவே முடியாது, எல்லாரும் கத்துகிறார்கள். பாறை ஜன்னலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. மேலே இருந்து சொட்டிய தண்ணீர் அவள் கைமேல் விழுந்தது, அதைத் துடைக்காமல் வெளியே வருகிற வரைக்கும் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் கத்தி முடிப்பதற்குள் வெளிச்சம் வந்துவிடும். வேல்ஸ் குகையில் அப்படிக் கத்த ஆரம்பித்தால் தொண்டை வற்றிவிடும்!

எவ்வளவு நீளம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜங்ஷன் பிளாட்பாரத்தில் வந்து நிற்கிற 22 பெட்டி எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்ளுங்கள். புது மாதிரிப் பெட்டி ஒன்று ஏறக்குறைய 24 மீட்டர், இன்ஜினையும் சேர்த்தால் முழு ரயில் 550 மீட்டர் வரும். அந்த மாதிரி ஐந்து ரயிலை ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக அந்தக் குகைக்குள் நிறுத்திவிடலாம், ஆறாவது ரயிலுக்கும் பாதி இடத்துக்கு மேல் மிச்சம் இருக்கும்.

சரி, வரலாற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். தெற்கு வேல்ஸில் ரோண்டா என்ற பள்ளத்தாக்கு, நிலக்கரிக்குப் பேர்போன இடம். கரியை ஸ்வான்ஸீ பக்கத்துத் துறைமுகங்களுக்குக் கொண்டுபோக நேர்வழி வேண்டும் என்று மலையைக் குடைந்து, 1890 ஜூலையில் ரயில் விட்டார்கள். ஒரு பக்கம் பிளைன்கும், இன்னொரு பக்கம் பிளைன்குவின்ஃபி, ரெண்டும் சின்ன ஊர்கள். அவ்வளவுதான்.

ஆனால் கரிக்காகப் போட்ட அந்தப் பாதையில்தான் ரோண்டா பிள்ளைகள் கடலுக்குப் போனார்கள். சர்ச் நடத்துகிற ஞாயிறு பள்ளியின் சுற்றுலா என்று கூட்டம் கூட்டமாக ஏறி, இந்த இருட்டைத் தாண்டி, அபராவன் கடற்கரையில் போய் இறங்குவார்கள். நம்ம ஊரும் கடல் இல்லாத ஊர்தானே, முதல் தடவை கடலைப் பார்க்கப் போகிற பிள்ளைக்குள் என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குகைக்கு அந்தப் பக்கம் கடல்! இன்றைக்கு பிளைன்கும் ஊரில் பள்ளத்தாக்கு முட்டி நின்றுவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்குப் போக மேலே ஏறி வளைந்து வளைந்து சுற்றித்தான் போகணும். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிற நமக்கு அந்தச் சுற்று புரியும்.

ஏன் மூடினார்கள்? காரணம் அந்தக் கரியேதான். மலைக்கு அடியில் கரியை வெட்டி எடுக்க எடுக்க, மேலே இருந்த பாறை அசைந்து இறங்கியது. குகையின் உள்சுவர் சில இடங்களில் நெளிந்துவிட்டது. அங்கெல்லாம் இரும்பு வளைவுகளை நெருக்கி நெருக்கி நிறுத்தி முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். 2018ல் பொறியாளர்கள் காற்றுக்காக மேலே இருந்து கிணறு மாதிரி தோண்டிய காற்றுக்கூண்டு வழியாக உள்ளே இறங்கிப் பார்த்தார்கள். குகையின் பெரும்பகுதி நல்ல நிலைமையில்தான் இருந்தது. நூற்றாண்டு தாண்டிய கட்டுமானம் அது, நான் மனசார வியந்தது இந்த இடத்தில்தான்.

இனிமேல் வருவதுதான் எனக்குத் தூக்கமே வரவிடாமல் செய்த பகுதி, ஸ்கிப் பண்ணாதீர்கள்.

இங்கிலாந்தில் பாத் என்ற நகரம். அங்கே கூம் டவுன் என்று ஒரு குகை, 1874ல் திறந்தது, 1,672 மீட்டர் நீளம். ஒற்றைத் தண்டவாளம். குறுகலான குகை. முக்கியமாக, நடுவில் காற்றுக்கூண்டே கிடையாது. நீராவி இன்ஜின் ஏற்றத்தில் திணறித் திணறிப் போகும்போது விடுகிற புகை எங்கே போகும்? போக வழியில்லை. கூரையில் முட்டி இன்ஜின் ஓட்டுகிறவர்கள் முகத்துக்கே திரும்பி வரும். 1929 நவம்பரில் ஒரு சரக்கு ரயில் மிக மெதுவாக உள்ளே ஏறியது. டிரைவரும் கரி அள்ளிப் போடுகிறவரும் புகையில் மூச்சுத் திணறி மயங்கி விழுந்துவிட்டார்கள். ரயில் நிற்கவில்லை. ஓட்ட ஆளில்லாத வண்டி அதுபாட்டுக்குக் குகையை விட்டு வெளியே வந்து, அந்தப் பக்கம் இறக்கத்தில் வேகமெடுத்து, பாத் சரக்கு நிலையத்தில் போய் மோதியது. மூன்று பேர் செத்துப்போனார்கள், அதில் டிரைவரும் ஒருவர்.

1966ல் அந்தப் பாதையை மூடினார்கள். பல வருஷம் சும்மா கிடந்தது. உள்ளூர்க்காரர்கள் விடாமல் கேட்டார்கள், பணம் திரட்டினார்கள், 2013 ஏப்ரலில் அது சைக்கிள் பாதையாகத் திறந்தது. பக்கத்தில் இருக்கிற இன்னொரு சின்னக் குகையையும் சேர்த்து இரட்டைக் குகைப் பாதை என்று பெயர். உள்ளே விளக்கு இருக்கிறது. நடுவில் போகும்போது சுவரில் இருந்து இசை கேட்கும்! மூச்சுவிட முடியாமல் மனுஷன் மயங்கி விழுந்த இடத்தில் இன்றைக்குக் குழந்தைகள் சைக்கிள் மிதிக்கிறார்கள், அவர்கள் தாண்டிப் போகப் போக இசை கூடவே வருகிறது. இதைப் படித்த ராத்திரி எனக்கு நம்ம சேர்வராயன் கோயில்தான் ஞாபகம் வந்தது. குகைக்குள் குனிந்து போய் நின்றதும் வெளியே இருக்கிற வெயிலும் கூட்டமும் மறந்து போய் சேர்வராயனும் காவேரியம்மனும் மட்டும் இருப்பார்கள் பாருங்கள், அந்த அமைதி. இருட்டு எப்போதும் பயமுறுத்துவதற்காக இருப்பதில்லை மக்களே.

அமெரிக்காவில் ஸ்னோகுவால்மி குகை இன்னும் பெரியது, ஏறக்குறைய 3.6 கிலோமீட்டர். ரயில் நின்ற பிறகு சைக்கிளுக்கும் நடைக்கும் விட்டிருக்கிறார்கள். உள்ளே விளக்கு கிடையாது, டார்ச் எடுத்துக்கொண்டு போகணும். பனிக்காலத்தில் கூரையில் இருந்து ஐஸ் ஈட்டி மாதிரி தொங்கும் என்பதால் அந்த மாதங்களில் மூடிவிடுவார்கள். ரோண்டாக்காரர்கள் கேட்பது ஒன்றும் உலகத்தில் நடக்காத விஷயம் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாகப் போவதும் இல்லை. இங்கிலாந்திலேயே வடக்கே குவின்ஸ்பரி குகை, 2.3 கிலோமீட்டர், 1956ல் மூடியது. இதையும் சைக்கிள் பாதையாக்கணும் என்று மக்கள் கேட்டு வந்தார்கள். அந்தக் குகையில் ஊறுகிற தண்ணீரை வெளியேற்ற ஒரு பம்ப் இருந்தது. பம்ப் வைத்திருந்த இடத்துக்கு வருஷ வாடகை 50 பவுண்டு, நம்ம காசில் சில ஆயிரம் ரூபாய்தான். பொறுப்பில் இருந்த அரசு அமைப்பு அதைக் கட்டாமல் விட்டுவிட்டது. பம்ப் நின்றது, குகைக்குள் தண்ணீர் ஏறியது. பிறகு அங்கே பாதுகாப்புப் பணி என்று மில்லியன் கணக்கில் பவுண்டு செலவானது! குகையை நிரப்பி மூடுகிற திட்டத்துக்கு ஏழாயிரம் பேருக்கு மேல் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தார்கள். 50 பவுண்டு வாடகைக்காக மக்கள் இத்தனை ஓடவேண்டி வந்தது என்பதில் எனக்கு வருத்தமும் உண்டு, கோபமும் உண்டு. மூடிக்கிடக்கிற குகைக்கு முதல் எதிரி தண்ணீர், அதைக் கவனிக்க ஆள் இருந்தால் கல்லும் செங்கல்லும் இன்னும் நூறு வருஷம் நிற்கும்.

ரோண்டாவில் இருப்பவர்கள் யாரும் ரயிலைத் திருப்பிக் கேட்கவில்லை, கவனித்தீர்களா? ஒரு வழி வேண்டும் என்கிறார்கள். தாத்தா ரயிலில் போன இருட்டில் பேரன் சைக்கிளில் போகணும், அவ்வளவுதான். அதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார்கள், மனு எழுதுகிறார்கள், சந்தையில் மேசை போட்டு உட்கார்ந்து கையெழுத்து வாங்குகிறார்கள்.

நமக்கும் இது தெரியாத வேலை இல்லை. பாலக்காடு கோட்டத்தில் இருந்து பிரித்து சேலத்துக்குத் தனிக் கோட்டம் வேண்டும் என்று இந்த ஊர் எத்தனை வருஷம் கேட்டது? 2007 நவம்பர் 1ஆம் தேதிதான் கிடைத்தது. அந்தப் போராட்டத்தில் கலந்துகொண்ட பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அப்போது அடித்த நோட்டீஸ், எடுத்த போட்டோ ஏதாவது பீரோவுக்குள் கிடந்தால் கமெண்டில் சொல்லுங்கள், சூரமங்கலமோ அம்மாபேட்டையோ, கேமராவோடு நானே வீட்டுக்கு வருகிறேன். சேனலை சப்ஸ்கிரைப் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெரியவர்கள் சொல்வதுதான் அடுத்த வீடியோ.