சீலிங்கில் ஒரு பென்சில் கோடு

நேயர்களுக்கு வணக்கம்.

வாடகைக்குக் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் சீலிங் ஒழுகினால் என்ன செய்வது என்று பேச வந்திருக்கிறேன். கட்டடங்களில் தண்ணீர் எங்கிருந்து கசிகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் பல வருஷமாக என் வேலை. சொந்த வீட்டில் ஒழுகினால் ஒருவர் தலைவலியோடு போய்விடும். வாடகை வீட்டில் அப்படி இல்லை. சொட்டுவது உங்கள் தலைமேல், தண்ணீர் வருவது மேல்வீட்டுக்காரர் தரையிலிருந்து, செலவு செய்ய வேண்டியவரோ இரண்டு வீட்டிலும் குடியில்லாத உரிமையாளர். ஒரு சின்னக் கசிவு மாதக்கணக்கில் இழுப்பது இதனால்தான்.

முதலில் ஆபத்தான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். லைட் வழியாகவோ, ஃபேன் மாட்டியிருக்கும் இடத்திலோ தண்ணீர் சொட்டினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மின்பெட்டியில் அந்த அறைக்கான எம்.சி.பி.யை, அதாவது அந்த அறைக்குப் போகும் கரண்டையே துண்டிக்கும் சுவிட்சை, இறக்கிவிடுங்கள். எது என்று தெரியாவிட்டால் மெயினையே அணையுங்கள். கை ஈரமாக இருந்தாலோ, பெட்டிக்கு முன்னால் தரையில் தண்ணீர் நின்றாலோ நீங்கள் தொடவே வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இரண்டு சொட்டுதானே என்று நினைத்துவிடாதீர்கள். சொட்டு நின்ற பிறகும் ஒயர் போகும் குழாய்க்குள் ஈரம் இருக்கும். ஆள் வந்து பார்த்துச் சொல்லும்வரை அந்த இணைப்பைப் போட வேண்டாம்.

அடுத்தது ஃபால்ஸ் சீலிங். ஜிப்சம் பலகை தண்ணீர் குடித்து நடுவில் தொய்ந்து நின்றால், அதன் மேல் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நின்றாலே 10 லிட்டர். அதாவது 10 கிலோ எடை தலைக்கு மேல் தொங்குகிறது. கட்டிலை நகர்த்துங்கள், குழந்தைகளை அடுத்த அறைக்கு அனுப்புங்கள். தொய்வு கொஞ்சமாக இருந்தால், கரண்டை அணைத்த பிறகு, கீழே வாளி வைத்து, நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, ஒரு ஸ்க்ரூடிரைவரால் சின்னத் துளை போட்டுத் தண்ணீரை இறக்கிவிடலாம். ரொம்பத் தொங்கினால் அதுவும் வேண்டாம், அறையைப் பூட்டிவிடுங்கள். வெறும் கான்கிரீட் சீலிங்காக இருந்தால் காரை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பிய இடத்துக்குக் கீழே யாரும் படுக்க வேண்டாம்.

ராத்திரி முழுக்க வாளியில் சொட்டுகிற சத்தம் தூங்க விடாது. சொட்டும் இடத்தில் ஒரு நூலின் நுனியை டேப்பால் ஒட்டி, மறு நுனியை வாளிக்குள் விட்டுவிடுங்கள். தண்ணீர் நூலோடு வழிந்து இறங்கும், சத்தமும் இருக்காது, தரையில் தெறிக்கவும் தெறிக்காது.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒழுகுகிறது என்று யார் கூப்பிட்டாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, எப்போது ஒழுகுகிறது என்பதுதான். பெரும்பாலும் பதில் வராது. கறை எந்த மூலையில் இருக்கிறது என்று சொல்வார்கள், எவ்வளவு பெரியது என்று சொல்வார்கள். ஆனால் கான்கிரீட்டுக்குள் புகுந்த தண்ணீர் நேராகக் கீழே இறங்குவதில்லை. வாட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடும், ஒயர் குழாய்க்குள் புகுந்து அடுத்த அறைக்குப் போகும், வழி கிடைத்த இடத்தில் சொட்டும். அதனால் கறை இருக்கும் இடம் நம்மை ஏமாற்றிவிடும். நேரம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். நடுமாடி ஒன்றில் ஓர் அம்மா தனியாக வாடகைக்கு இருந்தார். ஹால் நடுவில், ஃபேன் கொக்கி பக்கத்தில் சொட்டு. அது மழைக்காலம். உரிமையாளர் ஆள் வைத்து வெளிச்சுவரில் இருந்த விரிசலையெல்லாம் அடைத்து, பெயின்ட்டும் அடித்துக் கொடுத்துவிட்டார். சொட்டு நிற்கவில்லை. மேல்வீட்டில் போய்க் கேட்டால், எங்கள் ஹால் காய்ந்து கிடக்கிறது, வந்து பாருங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால் உண்மையாகவே காய்ந்துதான் கிடந்தது. யார் மேலும் தப்பு சொல்ல முடியாத நிலைமை. அந்த அம்மாவுக்கும் மேல்வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது.

நான் அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள் என்றேன். சொட்டு ஆரம்பிக்கிற நேரம், நிற்கிற நேரம், வெளியே மழையா வெயிலா, மேலே என்ன சத்தம். இவ்வளவுதான். அவர் அதை எவ்வளவு அழகாகச் செய்திருந்தார் தெரியுமா! "காலை ஏழேகால், ஆரம்பம். மழை இல்லை. மேலே வாளி இழுக்கும் சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆகிறது." "பத்து மணிக்கு மேல் குறைந்துவிட்டது." "நேற்று முழுக்க நல்ல மழை, மேல்வீட்டார் ஊரில் இல்லை, ஒரு சொட்டும் இல்லை." ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சொட்டு மதியத்துக்கு மேல் தொடங்கியிருந்தது. மழைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. தாமதமாக எழுந்து குளிக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நோட்டைக் காட்டிய பிறகு மேல்வீட்டுக்காரர்களே கதவைத் திறந்துவிட்டார்கள். குளியலறையில் ஒவ்வொன்றாகச் சோதித்தோம். முதலில் குழாயைத் திறந்து, தரையில் ஒரு சொட்டும் சிந்தாமல் வாளியில் பிடித்தோம். கீழே சொட்டு இல்லை, ஆக வரும் குழாய் நன்றாக இருக்கிறது. அப்புறம் அந்த வாளித் தண்ணீரைத் தரையில் படாமல் நேராகத் தரைச் சல்லடைக்குள் ஊற்றினோம். கீழே சொட்டு இல்லை, போகும் குழாயும் நன்றாக இருக்கிறது. கடைசியாகச் சல்லடை வாயைத் துணியால் இறுக அடைத்து, தரையில் தண்ணீரைத் தேங்க விட்டோம். கொஞ்ச நேரத்தில் கீழே ஹாலில் சொட்டு ஆரம்பித்துவிட்டது. சல்லடையைச் சுற்றியிருந்த டைல்ஸ் இடுக்கில் சிமென்ட் கரைந்துபோயிருந்தது. அதற்கடியில் இருந்த வாட்டர் ப்ரூஃபிங்கும் விட்டுப்போயிருந்தது. அந்தத் தண்ணீர் கீழ்வீட்டுக் குளியலறை லைட்டிலிருந்து ஹாலுக்குப் போகும் ஒயர் குழாயில் புகுந்து, ஃபேன் கொக்கியில் வந்து எட்டிப் பார்த்திருக்கிறது. சில டைல்ஸைப் பெயர்த்து அந்த இடத்தைச் சரிசெய்ததோடு வேலை முடிந்தது. வெளிச்சுவரைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை.

இந்தச் சோதனையின் வரிசை முக்கியம், அதனால் மறுபடியும் சொல்கிறேன். முதலில் வரும் குழாய், பிறகு போகும் குழாய், கடைசியில் தரை. ஒன்று முடிந்து கொஞ்ச நேரம் காத்திருந்து, கீழே பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. சில வீடுகளில் கீழே வந்துசேர ஒரு நாள்கூட ஆகும், அதனால் அவசரப்படக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் ஒன்றும் தெரியாது.

மற்ற நேரங்களையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரவு பகல் இல்லாமல் ஒரே சீராகச் சொட்டினால், அழுத்தத்தோடு தண்ணீர் வரும் குழாயைச் சந்தேகப்படுங்கள். மேல்வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தால் போதும், முள் நகர்ந்தால் அங்கேதான் கசிவு. மழை பெய்து சில மணி நேரம் கழித்து ஆரம்பித்து, மழை விட்ட பிறகும் தொடர்ந்தால் மொட்டைமாடி அல்லது வெளிச்சுவர். ஏ.சி. ஓடும்போது மட்டும் என்றால் அதன் தண்ணீர்க் குழாய்.

நோட்டோடு கூட ஒரு பென்சிலும் வேண்டும். சீலிங்கில் கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அதைப் போட்டோ எடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கறை கோட்டைத் தாண்டியிருந்தால் தண்ணீர் இன்னும் வருகிறது. தாண்டாவிட்டால் பழைய கறையாக இருக்கலாம். "அது ரொம்ப நாளாக இருக்கிற கறைங்க" என்று யாராவது சொன்னால், அந்தக் கோட்டைக் காட்டினால் போதும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால்கூட ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் வரும். வாளி நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்பதையும் எழுதி வையுங்கள்.

பெயின்ட் அடிப்பது ரிப்பேர் அல்ல. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன், பெயின்ட் அடிப்பது ரிப்பேர் அல்ல. ஈரம் காயாத சீலிங்கில் அடித்த பெயின்ட் உப்பி உரிந்துவிடும், கறையும் அதே இடத்தில் திரும்ப வரும். கான்கிரீட்டில் இருக்கும் சுண்ணாம்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு இறங்குவதால்தான் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. சில கார் நிறுத்துமிடங்களின் கூரையில் மெல்லிய வெள்ளைக் குச்சிகள் தொங்குமே, அதுவும் இதே சுண்ணாம்புதான். இன்னும் கவலைப்பட வேண்டியது உள்ளே இருக்கும் கம்பி. இரும்பு துருப்பிடித்தால் இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டைப் பிளந்து, காரையைக் கீழே தள்ளிவிடும். உங்கள் உரிமையாளரிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள். அவருடைய சொத்துதான் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கிறது. நனைந்த மெத்தை, திரை எல்லாவற்றையும் உடனே காய வையுங்கள். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். உரிமையாளரோடு பேசுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறேன். ஒழுகல் தெரிந்த அன்றே, போனில் பேசினாலும்கூட, எழுத்தில் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். தேதி, இடம், போட்டோ, எப்போது ஒழுகுகிறது, எந்தத் தேதிக்குள் ஆள் அனுப்ப முடியும் என்ற கேள்வி, இவ்வளவு போதும், கோபம் வேண்டாம். வாடகை ஒப்பந்தத்தில் ரிப்பேர் யார் பொறுப்பு என்று எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். கோபத்தில் நீங்களாகவே வாடகையை நிறுத்திவிடாதீர்கள். சட்டம் இடத்துக்கு இடம் மாறும், விசாரிக்காமல் நிறுத்தினால் வீட்டைக் காலி செய்யச் சொல்ல அதுவே காரணமாகிவிடலாம். மேல்வீட்டுக்காரரும் பல நேரம் உங்களைப் போல வாடகைக்கு இருப்பவர்தான். அவர் வீட்டு உரிமையாளருக்கும் அதே நோட்டின் ஒரு நகலைக் கொடுங்கள். மொட்டைமாடியோ பொதுக் குழாயோ என்றால் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு நகல். காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் வராமல் இருக்க, குடிவந்த அன்று எடுத்த சீலிங் போட்டோவும் கையில் இருக்கட்டும். இன்னும் எடுக்காதவர்கள் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.