நிறுத்தத்தின் பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கடைசி சில ஆண்டுகள் குடிநோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் இருந்தேன். குடியை நோய் என்று நான் மட்டும் சொல்லவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலக் கோளாறுகளை நோயில்தான் சேர்க்கிறது.

தருமபுரியில் எங்கள் தெருவை ஒட்டிய கட்டடத்தில் போதை மீட்பு மையம் வரப்போகிறது என்று பேச்சுக் கிளம்பியது. உடனே மனு தயாரானது, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்க. "வயதுப் பிள்ளைகள் நடமாடுகிற தெரு, சிஸ்டர். பைபாஸ் பக்கம் வைத்துக்கொள்ளட்டுமே" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவருடைய பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். குடித்துவிட்டு வரும் அப்பாவின் செருப்புச் சத்தத்துக்கே நடுங்கி வளர்ந்த பெண்களை எனக்குத் தெரியும். ஆனாலும் நான் கையெழுத்துப் போடவில்லை.

பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டி தூக்குகிற ஒருவர் ஒருநாள் காலை ஓ.பி. சீட்டோடு வந்து நின்றார். மனைவி டீ வாங்கி வந்து கொடுத்தாள். கை நடுக்கத்தில் டம்ளர் பல்லில் மோதிச் சத்தம் கேட்டது. பாதி டீ சட்டையில் கொட்டிவிட்டது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டு, டம்ளரைத் தானே பிடித்து, பிள்ளைக்குப் புகட்டுவதுபோலப் புகட்டினாள். வரிசையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சர்க்கரை மாத்திரைக்கு வந்தவர், முழங்கால் வலிக்காரர், காய்ச்சல்காரர், அவர்களுக்கு நடுவில் இவரும் ஒருவர். பஸ்ஸில் எங்கே போகிறாய் என்று ஊர்க்காரர் கேட்டபோது, "பெரிய ஆஸ்பத்திரிக்கு, வயிற்று வலி" என்று சொல்லிவிட்டு வந்ததாகப் பிறகு அவரே சொன்னார்.

அந்த வயிற்று வலிதான் அவரைக் காப்பாற்றியது. பைபாஸில் தனியாக ஒரு மையம் இருந்தால், ஆறே மாதத்தில் அந்த நிறுத்தத்துக்குக் 'குடிகாரர் ஆஸ்பத்திரி' என்று பெயர் விழுந்துவிடும். கண்டக்டர் அதைச் சொல்லி விசில் ஊதும்போது, பஸ் நிறையத் தெரிந்த முகங்கள் இருக்க, எந்த மனிதன் எழுந்து இறங்குவான்?

தூரமும் சாதாரண விஷயமில்லை. நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம்; அதையடுத்த நாள்களில் நினைவு குழம்பி, இல்லாதது கண்ணுக்குத் தெரியும். உயிருக்கே ஆபத்து. மாலை போட்டதும் கயிறு கட்டியதும் சிலருக்கு மன உறுதி தருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் வலிப்புக்கு மாத்திரையும் மருத்துவரும் வேண்டும். அந்த முதல் வாரத்துக்குப் பிறகும் மாதக்கணக்கில் வந்துபோக வேண்டியிருக்கும். சித்தேரி மலையிலிருந்து அரூருக்கு இறங்கி, பஸ் மாறி வருகிறவருக்கு, பஸ் நிலையத்திலிருந்து இன்னொரு ஆட்டோ என்றால் அன்றைய கூலியே போய்விடும். மூன்றாவது தடவை வரமாட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில், பூட்டிய கதவுக்குள் நடந்த ஓரிடத்திலிருந்து எங்கள் வார்டுக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். முதுகு முழுக்கத் தழும்பு. மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்துதான் இத்தகைய மையத்தை நடத்த வேண்டும். அந்தப் பதிவு இருக்கிறதா என்று வாசலிலேயே கேளுங்கள். தெருவின் கண் படுகிற இடத்தில் அடிப்பது அத்தனை எளிதில்லை.

மதுக்கடைக்கும் பள்ளிக்கும் நடுவே நகராட்சியில் 50 மீட்டர், கிராமத்தில் 100 மீட்டர் இருந்தால் போதும் என்கிறது விதி. குடியை விட வருகிறவரை மட்டும் பைபாஸுக்கு அனுப்புவது எந்த நியாயம்? 1937இல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அன்று நம் தருமபுரியும், அவர் பிறந்த தொரப்பள்ளியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. இந்தப் பேச்சு நமக்குப் புதிதில்லை.

நேரில் வரத் தயங்குகிறவர்கள் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். வீட்டுப் பெண்களும் பேசலாம்.

வருகிற திங்கட்கிழமைக்கு நானும் ஒரு மனு எழுதியிருக்கிறேன். மையம் இங்கேயே வரட்டும், வாசலில் இரவும் பகலும் ஒரு காவலாளி இருக்கட்டும், தெருக்காரர்கள் இருவர் மாதந்தோறும் உள்ளே சென்று பார்க்க அனுமதி வேண்டும் என்று. எதிர்வீட்டுக்காரர் வாங்கி முழுக்கப் படித்தார். கையெழுத்துப் போடவில்லை. "தெருவிளக்கு எரியாததையும் எழுதுங்கள், சிஸ்டர்" என்றார். எழுதிவிட்டேன்.