சிவாஜிநகர் மாதா கோவில்: தூண்ல இருந்து பாருங்க

வணக்கம் மக்களே. சிவாஜிநகர் செயின்ட் மேரிஸ் பசிலிக்கா வாசல்ல நிக்கிறோம். செஞ்சியில இருந்து பெங்களூர் வந்த தமிழ்க் கிறிஸ்தவங்க போட்ட கூரைக் கோவில்தான் இதுக்கு ஆரம்பம். இப்ப இருக்குற கட்டடம் 1882ல எழுந்தது. 1973ல பசிலிக்கா ஆச்சு, அதாவது போப் தர்ற சிறப்பு அந்தஸ்து கிடைச்சுது, கர்நாடகாவுலயே முதல் பசிலிக்கா.

கோபுரம் 160 அடி. கிட்ட நின்னு போனை அண்ணாத்திப் பிடிச்சா, படத்துல கோபுரம் பின்னால சாயுற மாதிரி விழும். நல்லாத் தள்ளிப் போய் போனை நேரா நிறுத்தி எடுங்க.

உள்ள வந்ததும் நேரா பீடத்துக்குப் போயிடாதீங்க. ஒரு தூண் பக்கத்துல நின்னு மேல பாருங்க. தூண் தலைப்புல சுருண்டு மடங்குன இலைங்க தெரியுதா? இது கொரிந்தியன், கிரேக்கப் பாணி. மேல போற வளைவு உச்சியில கூரா முடியுதே, அது கோதிக், ஐரோப்பாவோட இடைக்காலப் பாணி. ரெண்டும் சேர்ந்து நிக்கிற இந்த இடம்தான் எனக்கு இந்தக் கோவில்லயே ரொம்பப் பிடிச்சது.

ஏன் கூரா வச்சாங்க? அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டுல அதிகமாத் தள்ளும், அதைத் தாங்க சுவர் தடியா வேணும். கூர்வளைவுல பாரம் பெரும்பாலும் கீழ இறங்கிடும். அதனால பெரிய சன்னல் வைக்க சுவர்ல இடம் கிடைக்குது.

அந்தச் சன்னல்ல இருக்குற வண்ணக் கண்ணாடியை இரண்டாம் உலகப் போர் சமயத்துல கழட்டி வச்சாங்க. 1947லதான் திரும்ப மாட்டினாங்க. இந்த மாதிரி கண்ணாடி துண்டு துண்டா ஈயப் பட்டையில கோத்தது. ஈயம் மெத்துன்னு இருக்கும், பக்கத்துல குண்டு விழுந்தா அந்த அதிர்வைத் தாங்காது.

பகல்லயே வாங்க. இருட்டுனா உள்ள இருந்து பாக்கிறப்ப கண்ணாடி வெறும் கறுப்புதான். போன்ல எடுக்கிறப்ப கண்ணாடி மேல தொட்டு வெளிச்சத்தைக் குறைச்சுக்கோங்க, இல்லன்னா நிறமெல்லாம் வெளுத்துரும். பூசை நடக்கிறப்ப கேமராவைப் பைக்குள்ள வச்சிடுங்க.

மாதா திருவிழாவுக்கு ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 தேர்பவனி. அந்த நாள்ல காவி உடுத்தி வர்ற கூட்டத்துல தூணைக் கூட நின்னு பாக்க முடியாது. கட்டடத்துக்காக வர்றவங்க வேற மாசம் வாங்க, மாதாவுக்காக வர்றவங்க அப்பவே வாங்க. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல இறங்கினா நடந்தே வந்துடலாம்.