சாப்பாட்டு அறையில் சாப்பிட்டால் என்ன தப்பு?

பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே, மாங்கனிக் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு வந்திருக்கும் கிருஷ்ணகிரி மக்களே, வணக்கம்.

அருங்காட்சியகமாக மாறிய பழைய மாளிகைக்குள் உணவகம் நடத்துவது வரமா, சாபமா? எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா சாபம் என்றார். எண்ணெய்ப் புகை ஓவியத்தைக் கெடுக்குமாம், அடுப்பு மாளிகையைக் கொளுத்துமாம், வருகிறவன் வரலாற்றை விட்டுவிட்டு வடையைத்தான் பார்ப்பானாம். ஐயா, வடைக்கு வந்தவன் தலையைத் தூக்கினால் விட்டமும் கண்ணில் படுமே!

பாரிஸ் நகரத்தில் அப்படித்தான் படுகிறது. நான் போனதில்லை, நடுவர் டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் நாளைக்கே கிளம்புவேன். எதுவார் ஆந்த்ரே, நெலி ஜாக்மார் என்று ஒரு பணக்காரத் தம்பதி. பிள்ளைகள் கிடையாது. வீடு முழுக்கக் கலைப்பொருளாக வாங்கி நிரப்பினார்கள். கணவருக்குப் பின் அந்த அம்மா மாளிகையை அப்படியே பிரான்சின் அறிஞர் கழகத்துக்கு எழுதிவைத்தார். 1913-இல் அது அருங்காட்சியகமாகத் திறந்தது. அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட அறையில்தான் இன்றைக்கு உணவகம் நடக்கிறது. கூரையில் இத்தாலிய ஓவியர் டியப்போலோ வரைந்த ஓவியம், சுவரில் பழைய திரைச்சீலைகள், கீழே தேநீரும் கேக்கும். படுக்கையறையில் பந்தி போட்டார்களா? இல்லையே. சாப்பாட்டு அறையில் சாப்பாடு போட்டார்கள்.

சரி, தீப் பிடிக்காதா? பிடிக்கும். பிரேசில் நாட்டுத் தேசிய அருங்காட்சியகம் அரச குடும்பம் வாழ்ந்த அரண்மனை. 2018 செப்டம்பர் 2 இரவு எரிந்து போனது. ஆனால் அங்கே தீ தொடங்கியது அடுப்பில் இல்லை, ஏசி இயந்திரத்தில் என்றுதான் விசாரணையில் தெரிந்தது. பராமரிப்புக்குப் பணம் போதவில்லை என்று பல வருடங்களாகப் புலம்பிக்கொண்டிருந்த கட்டடம் அது. தீயணைக்க வந்தவர்களுக்குப் பக்கத்துக் குழாயில் தண்ணீர்கூட வரவில்லை. அங்கே எரித்தது சாம்பாரா, வறுமையா?

இந்த வறுமையைப் பார்க்க பிரேசில் போக வேண்டியதில்லை, காரைக்குடிப் பக்கம் போனால் போதும். கல்யாணம் என்றால் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பந்தி போடவே நீளநீளமான கூடம் கட்டினார்கள் செட்டிநாட்டில். அடுப்பு அணைந்து பூட்டுத் தொங்கிய வீடுகள் பல என்ன ஆயின? இடிபட்டன. அந்தத் தேக்குத் தூணும் கதவும் பழம்பொருள் கடைக்கு வந்தன. விருந்தினர் விடுதியாக, சாப்பாட்டுக்குப் பேர்போன இடமாக மாறிய வீடுகளிலோ தூண் தூணாகவே நிற்கிறது. மேற்கூரை ஓட்டை மாற்ற ஆள் இருக்கிறார், அவருக்குச் சம்பளம் கொடுக்கக் கல்லாவும் இருக்கிறது.

நம்ம ஊருக்கு வருவோம். கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே போனவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்... ம், சரி, இறக்கிவிடுங்கள், எண்ணிவிட்டேன். ஊரைச் சொல்லிக் குற்றமில்லை. போனால் கால் வலிக்கிறது, பிள்ளை பசி என்கிறது, அரை மணியில் வெளியே வந்துவிடுகிறோம். அதே பிள்ளைக்கு ஒரு பழைய மாளிகையின் தாழ்வாரத்தில் ராகிக் களியும் கொள்ளுக் கடைசலும் கிடைத்தால், மிச்சமிருக்கும் அறைகளையும் பார்த்துவிட்டுத்தானே கிளம்புவோம்?

எதிரணி ஐயா உடனே தொரப்பள்ளியை இழுப்பார். இழுக்கட்டும். 1878-இல் அந்த ஊரில் ராஜாஜி பிறந்த வீடு ரொம்பச் சிறியது. அங்கே நாலு மேசை போட்டால் வீடே மறைந்துவிடும். அங்கே உணவகம் வேண்டாம் என்று நானே சொல்கிறேன். எங்கள் அணி கேட்பது மாளிகைக்கு. அதிலும் அடுப்பும் கேஸ் சிலிண்டரும் பின்கட்டுக்கு அப்பால் தனிக் கொட்டகையில் இருக்கட்டும். தாளிப்பும் பொரிப்பும் அங்கேயே முடியட்டும். உள்ளே வருவது தட்டு மட்டும். ஓவியம் இருக்கும் அறைக்குள் காபி டம்ளரோடு நுழைகிறவரைக் காவலாளி நிறுத்தட்டும். வாடகையை மட்டும் பொதுக் கஜானாவில் போட்டுவிடாமல், அந்தக் கட்டடத்துக்கே செலவழிக்க வேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து வரும் எதிரணி அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்வி. உணவகம் வேண்டாம், சரி. அடுத்த மழைக்குள் அந்த மாளிகையின் கூரையைச் சரிசெய்யப் பணம் எங்கிருந்து வரும்? அதைச் சொல்லிவிட்டு அவர் பேச்சைத் தொடங்கட்டும், நடுவர் அவர்களே.