நடுவுல உலாவுறவருக்கு எல்லாம் தெரியும்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. சர்ச்சுக்கு கெளம்பற அவசரத்துல சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டே கேக்கிறவங்களும் இருப்பீங்க, சர்ச் பக்கமே போகாத வீட்டுல ரேடியோ அது பாட்டுக்கு ஓடிட்டும் இருக்கும், ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் பேசறேன். நான் ஆயர் இல்லீங்க. சேலத்துல வாத்தியார் வேல பாத்து ரிட்டையர் ஆனவன், ஏற்காடு மலையில சின்னச் சின்ன எஸ்டேட் சபைங்களுக்கு பிரசங்கம் பண்ண ஆள் இல்லாதப்ப அனுப்புவாங்க, போயிட்டு வருவேன். நிலையத்துல குடுத்த தலைப்பு 'சபையின் நடுவில் கிறிஸ்து'.

கிறிஸ்தவங்க ஜெபக்கூட்டத்துக்கு எப்பவாவது போயிருந்தா இந்த வசனத்த கண்டிப்பா கேட்டிருப்பீங்க, "இரண்டுபேராவது மூன்றுபேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ, அங்கே அவர்கள் நடுவிலே இருக்கிறேன்", மத்தேயு 18-ம் அதிகாரம் 20-ம் வசனம். மழை புடிச்சுக்கிச்சு, ஆள் வரல, அம்பது சேர் போட்டு ஆறு பேர் உக்காந்திருக்காங்கன்னா ஜெபம் பண்றவர் மொதல்ல இதத்தான் சொல்லுவாரு. தப்பில்ல, ஆறுதலான வசனம்தான். ஆனா அதுக்கு மேல ஏறிப் போய் 15-ம் வசனத்துல இருந்து படிச்சுப் பாருங்க, அங்க நடக்கறது சகோதரங்களுக்குள்ள தகராறு. உன் சகோதரன் உனக்கு விரோதமா குத்தம் செஞ்சா மொதல்ல தனியா போய் பேசு, கேக்கலைன்னா ஒண்ணு ரெண்டு பேர கூட்டிட்டுப் போ, அப்பவும் கேக்கலைன்னா சபைக்குச் சொல்லு. அந்தப் பேச்சோட கடைசியிலதான் இந்த வாக்கு வருது. அப்போ அவரு நடுவுல இருக்கேன்னு சொன்னது கை தட்டிப் பாடற நேரத்த மட்டும் இல்லீங்க, மூஞ்சி குடுத்துப் பேசாத ரெண்டு பேர எதிரெதிரா உக்கார வச்சுப் பேசற அந்தக் கஷ்டமான சாயங்காலத்தையும் சேர்த்துதான். கமிட்டி எலெக்‌ஷன் முடிஞ்ச மறுவாரம் சர்ச்சுக்குப் போனவங்களுக்கு நான் எதச் சொல்றேன்னு நல்லாவே புரியும்.

அவரு இருக்காருங்கறத ஒவ்வொரு சபையும் ஒரு மாதிரி சொல்லும். நாலு ரோடு பக்கம் குழந்தை இயேசு பேராலயத்துக்குப் போனா நற்கருணை அப்பம் வச்சிருக்கற பேழைக்கு முன்னாடி நம்ம கத்தோலிக்கச் சொந்தங்க முழங்கால் போட்டு இருப்பாங்க, லண்டன் மிஷன் வழியா வந்து 1947-ல சி.எஸ்.ஐ.-யில, அதான் தென்னிந்தியத் திருச்சபையில சேந்த எங்க சபைங்கள்ல வசனம், திருவிருந்துன்னு சொல்லுவோம், பெந்தெகொஸ்தே சபையில ஆராதனை சூடு புடிக்கறப்ப "அவர் இறங்கி வந்திருக்கிறார்"னு சொல்லுவாங்க. இதுல எது சரின்னு நான் இங்க தீர்ப்பு சொல்லப் போறதில்ல, பத்து நிமிஷத்துல ஆகற காரியமா அது. நான் சொல்ல வந்தது வேற. அவரு வந்து இருக்காரு சரி, வந்தவருக்கு நம்மளப் பத்தி என்னென்ன தெரிஞ்சிருக்கு?

பைபிளோட கடைசிப் புஸ்தகம் வெளிப்படுத்தின விசேஷம், அதுல மொத மூணு அதிகாரம். பத்மு தீவுல இருந்த யோவானுக்கு ஒரு தரிசனம், ஏழு பொன் குத்துவிளக்கு, அதுங்களுக்கு நடுவுல இயேசு. ஏழு விளக்கும் ஏழு சபைன்னு அங்கயே விளக்கம் குடுத்திருக்கு, எல்லாம் இன்னைக்கு துருக்கி நாட்டுல இருக்கற ஊருங்க. அவரு ஒரு எடத்துல உக்காந்திருக்கல, உலாவிக்கிட்டு இருக்காருன்னு எழுதியிருக்கு. பழைய ஏற்பாட்டுல ஆசரிப்புக் கூடாரத்து விளக்குங்கள தெனமும் காலையில போய் சரி பண்றது ஆசாரியன் ஆரோனோட வேல, அந்த வேலையத்தான் இவரு செய்யறாருன்னு வியாக்கியானம் எழுதினவங்க பலர் சொல்றாங்க, எனக்கும் அது பொருத்தமாத்தான் படுது, எந்த விளக்குல எண்ணெய் இல்ல எதுல திரி கருகியிருக்குன்னு கிட்டப் போனாத்தானே தெரியும். ஏழு சபைக்கும் தனித்தனியா ஒரு லெட்டர். ஏழுலயும் "அறிந்திருக்கிறேன்"னு ஒரு வார்த்த வருது, ஒண்ணுல கூட விடல.

அவருக்குத் தெரிஞ்சிருக்கறது பொதுவா இல்லீங்க, ஊர் ஊரா தெரிஞ்சிருக்கு. அந்த ஏழுல ஒண்ணு சர்தை, அத எடுத்துக்கங்க. லீதியா ராஜ்யத்தோட தலைநகரம், குரோசஸ் ராஜா ஆண்ட ஊரு, செங்குத்தான பாறை மேல கோட்டை, நம்ம சங்ககிரி கோட்டைக்கு ஏறினவங்க மனசுல ஒரு படம் போட்டுக்கலாம். கி.மு. 6-ம் நூற்றாண்டுல பாரசீக ராஜா கோரேசு முத்துகை போட்டப்போ ஒரு சர்தை சிப்பாயோட தலைக்கவசம் கீழ உருண்டிருச்சு, அவன் பாறையில எறங்கி எடுத்துட்டு திரும்ப ஏறினான், எதிரி படையில ஒருத்தன் அதப் பாத்துட்டான், அந்த வழியாவே மறுநாள் ஏறிப் போனாங்க, இந்தப் பக்கம் எவன் வருவான்னு காவலே போடல, ஊரு புடிபட்டுருச்சுன்னு கிரேக்க சரித்திரம் எழுதின ஹெரோடோட்டஸ் எழுதி வச்சிருக்காரு. வேடிக்கை என்னன்னா முந்நூறு வருஷம் கழிச்சு, மூணாம் அந்தியோகஸ் ராஜா காலத்துல, மறுபடி அதே கதைதான், காவல் இல்லாத பாறை வழியாவே உள்ள வந்தாங்க. இந்த ஊர்ச் சபைக்கு அவரு எழுதறாரு: "நீ உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய்", விழிச்சிருக்கலைன்னா திருடன மாதிரி வருவேன்னு. ஊரே வெக்கப்பட்ட எடத்துல கை வச்சுப் பேசறாரு பாருங்க. அதோட அந்தச் சபைக்கு பேரு நல்லாத்தான் இருந்திருக்கு. வெளியூர்ல கேட்டா "அந்தச் சபையா, ஜேஜேன்னு கூட்டம் இருக்குமே"ன்னு சொல்லியிருப்பாங்க.

எபேசு வெள்ளி வேலைக்குப் பேர் போன ஊரு. தெமேத்திரியுன்னு ஒரு தட்டான், தியானாள்ங்கற தேவியோட கோயில் மாதிரியே வெள்ளியில குட்டிக் கோயில் செஞ்சு தொழில் நடத்தினவரு, பவுல் பிரசங்கத்தால தொழில் படுத்துரும்னு ஆள் சேர்த்து கலாட்டா பண்ணினாரு, ஜனங்க ரெண்டு மணி நேரம் விடாம கத்தினாங்கன்னு அப்போஸ்தலர் நடபடிகள் 19-ல இருக்கு. செவ்வாப்பேட்டையில கொலுசுப் பட்டறை வச்சிருக்கற நம்ம ஆளுங்களுக்கு தெமேத்திரியுவோட பயம் உடனே புரியும், வயித்துப் பொழப்பாச்சே. அப்படிப்பட்ட ஊர்ல தாக்குப் புடிச்சு நின்ன சபைங்க இல்ல, ஒரே சபை அது, அவரும் அதச் சொல்லிப் பாராட்டறாரு, உன் பிரயாசம் தெரியும், பொறுமை தெரியும், கள்ள அப்போஸ்தலருங்கள சோதிச்சுப் பாத்தது தெரியும். அப்புறம் ஒரே ஒரு குறை, "நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்." உபதேசத்துல ஓட்டை இல்ல, வேலையில சோம்பல் இல்ல, ஆடிட் ரிப்போர்ட் சுத்தம். அன்பு போனத எந்த ரிப்போர்ட்லயும் எழுத முடியாதே. மனந்திரும்பலைன்னா விளக்கையே எடுத்துருவேன்னாரு. உடனே ஒண்ணும் ஆகல, 431-ல சபைத் தலைவருங்க எல்லாம் சேந்த பெரிய சங்கமே எபேசுலதான் கூடுச்சு. இன்னைக்கு அந்த ஊரு இடிஞ்ச கல்லுங்க, துறைமுகத்துல மண்ணு சேந்து சேந்து கடலே பல கிலோமீட்டர் தள்ளிப் போயிருச்சு.

லவோதிக்கேயாவுக்கு எழுதினதுதான் எல்லாருக்கும் தெரிஞ்சது, குளிரும் இல்ல அனலும் இல்ல, வெதுவெதுப்பு, வாந்தி பண்ணிப்போடுவேன். நம்ம பிரசங்கத்துல எல்லாம் இத 'அனலா இருங்க'ன்னு ஒத்தையா புடிச்சுக்குவோம். அவரு "குளிராயாவது அனலாயாவது இருந்தால் நலமாயிருக்கும்"னு ரெண்டையும் சேர்த்துத்தானே சொன்னாரு. அந்த ஊர்த் தண்ணிய தெரிஞ்சா புரிஞ்சிரும். ஏறக்குறைய 10 கிலோமீட்டர்ல எராப்போலி, இன்னைக்கு பாமுக்காலேன்னு டூரிஸ்ட்டுங்க போற எடம், வெந்நீர் ஊத்து, உடம்பு வலிக்கு குளிக்கப் போவாங்க. இன்னொரு பக்கம் கொலோசெ, அங்க மலைத் தண்ணி சில்லுனு வரும். நடுவுல லவோதிக்கேயா, பணத்துக்கு குறைவில்ல, தண்ணிக்குத்தான் கல்லுக் குழாய் போட்டு தூரத்துல இருந்து கொண்டு வரணும், அந்தக் குழாய் இப்பவும் கெடக்கு, உள்ள வெள்ளையா சுண்ணாம்பு கெட்டியா படிஞ்சு போய், நம்ம ஊர்ல போர் தண்ணி ஓடற வாட்டர் ஹீட்டர் காயில்ல படியுமே அந்த மாதிரி. வந்து சேர்றப்போ அந்தத் தண்ணி குளிக்கவும் சொகமில்ல, குடிக்கவும் வாய்க்குப் பிடிக்கல. கி.பி. 60-ல நில நடுக்கம் வந்து இடிஞ்சப்போ ரோம் அரசாங்கத்து உதவி இல்லாம சொந்தக் காசுலயே கட்டிக்கிட்ட ஊரு அது, ரோம சரித்திரம் எழுதின டாசிட்டஸ் எழுதியிருக்காரு. அதான் லெட்டர்ல "எனக்கு ஒரு குறைவுமில்லை"ன்னு நீ சொல்றியேன்னு அவங்க வாய் வார்த்தையையே திருப்பிச் சொல்றாரு.

பெர்கமு, தியத்தீரா ரெண்டும் நேரம் பத்தாது. தியத்தீரா சாய வேலைக்கு பேர் போன ஊருங்கறத மட்டும் சொல்லிட்டுப் போறேன், அப்போஸ்தலர் 16-ல வர்ற இரத்தாம்பரம் விக்கற லீதியாள் அந்த ஊர்க்காரம்மாதான்.

ஏழுல குறையே சொல்லாம விட்ட சபை ரெண்டே ரெண்டு, சிமிர்னாவும் பிலதெல்பியாவும். ஒண்ணு தரித்திரம் புடிச்ச சபை, இன்னொண்ணுக்கு கொஞ்சம்தான் பெலன். ரெண்டும் நம்ம கணக்குல தேறாத சபைங்க.

இத நான் மலைக்குப் போறப்ப யோசிப்பேன். இருவது கொண்டை ஊசி வளைவும் ஏறி, அதுக்கப்புறம் எஸ்டேட் ரோட்டுல குலுங்கிக் குலுங்கிப் போனா ஒரு சின்னச் சபை, தகர ஷீட்டு, மேல இருந்து சில்வர் ஓக் இலை விழுந்துட்டே இருக்கும். காப்பிப் பழம் பறிக்கற சீசன்ல போனீங்கன்னா பாட்டுப் புஸ்தகம் புடிச்சிருக்கற கையப் பாருங்க, நகக்கண்ணு எல்லாம் கறுப்பா கறை ஏறியிருக்கும், மணிக்கட்டு வரைக்கும் எறும்பு கடிச்ச தடிப்பு. ஒரு அம்மா, எப்பவும் கதவு ஓரம்தான், சாட்சி சொல்ல வாங்கன்னா தலைய குனிஞ்சுக்குவாங்க. ஆராதனை முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் பாய சுருட்டி, சிந்தின மெழுகுவத்திய ஒரு ஆணியால சுரண்டி எடுத்துட்டுத்தான் போவாங்க. யாரும் சொல்லி அவங்க செய்யறதில்ல, சபைக் கணக்குலயும் அவங்க பேரு வராது.

கீழ டவுன்ல அறுப்பின் பண்டிகை ஏலத்துல வேற மாதிரி. மைக்கப் புடிச்சவரு ஒரு பூசணிக்காய தூக்கிக் காட்டி, இத காணிக்கையா படைச்சவர் இன்னாரு, ஏலம் எடுத்தவர் இன்னாரு, ரெண்டாயிரம், ஒரு தரம் ரெண்டு தரம்னு கலகலன்னு போகும், எனக்கும் ரொம்பப் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன், ஒரு சேவலுக்கு ரெண்டு மாமன் மச்சான் போட்டி போடறது மாதிரி தமாசு கெடையாது. ஆனா யாரோ ஒரு பாட்டி மூணு முட்டைய துணியில முடிஞ்சு கொண்டாந்து வச்சிருப்பாங்க, அத தக்காளிக் கூடையோட சேர்த்து ஒரே ஏலமா விட்டுருவாங்க, பேரு சொல்ல மாட்டாங்க. மாற்கு 12-ல இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிர உக்காந்து யார் யார் எப்படிப் போடறாங்கன்னு பாத்துட்டு இருந்தாருன்னு எழுதியிருக்கு. பாத்துக்கிட்டு இருந்தாருங்க. ரெண்டு காசு போட்ட விதவைய கவனிச்சது அவரு ஒருத்தர்தான், சீஷங்கள கூப்பிட்டு காட்ட வேண்டியிருந்துச்சு.

அதே கண்ணுதான் மத்ததையும் பாக்குது. இந்தத் தமிழ்நாட்டுல கல்லறைத் தோட்டத்த கூட சாதி பாத்துப் பிரிச்சு வச்சிருக்கற சபைங்க இருக்கு. மேல "தேவன் நம் நடுவில் இருக்கிறார்"னு பேனர். இருக்காருன்னா அந்தச் சுவரும் அவருக்குத் தெரியும்ல? நாம பாட்டுக்கு பிரசன்னம் பிரசன்னம்னு கூப்பிடறோம், வந்தவரு எங்கயெல்லாம் நடப்பாருன்னு யோசிக்கறதில்ல.

ஒரு விஷயம் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். ஏழு லெட்டரும் தனித்தனி கவர்ல போகலீங்க, ஒரே புஸ்தகமா ஏழு ஊருக்கும் போச்சு, ஒவ்வொரு லெட்டர் முடியறப்பவும் "ஆவியானவர் சபைகளுக்குச் சொல்லுகிறதை" காதுள்ளவன் கேக்கட்டும்னு பன்மையிலதான் இருக்கு. அப்போ சர்தை செத்துக் கெடக்குன்னு சிமிர்னாக்காரங்களும் கேட்டிருப்பாங்க. லவோதிக்கேயாவுல நல்ல கம்பளி போத்திக்கிட்டு உக்காந்திருந்தவங்க, சிமிர்னாவப் பாத்து உன் தரித்திரம் எனக்குத் தெரியும், ஆனாலும் நீ ஐசுவரியமுள்ளவன்தான்னு அவரு சொன்னத யாரோ சத்தமா வாசிக்க கேட்டிருப்பாங்க, அடுத்து நம்ம லெட்டர் எப்ப வரும்னு நெளிஞ்சிருப்பாங்க. லெட்டர் எல்லாம் வெளிப்படுத்தின விசேஷம் 2, 3 ரெண்டு அதிகாரம்தான், இன்னைக்கு சாயங்காலம் வீட்டுல யாராவது ஒருத்தர் சத்தம் போட்டு வாசிங்க, மத்தவங்க கேளுங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து டைம் ஆச்சுன்னு கை காட்டிட்டாங்க, வணக்கம்ங்க.