பரணில் கிடக்கும் பாட்டி சீர்

அவையோருக்கு வணக்கம்.

வீட்டுப் பொருளைப் பாதுகாப்பது என்றதும் நகையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். நகைக்கு லாக்கர் இருக்கிறது, அதை யாரும் மறப்பதில்லை. நான் பேச வந்தது பரணில் கவிழ்த்துப் போட்டிருக்கும் அண்டா, தவலை, உருளி, ஈயச்சொம்பு பற்றி.

பாத்திரக் கடையில் இன்றும் "பேர் வெட்டணுமா?" என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் சிற்றுளி வைத்துப் புள்ளி புள்ளியாக வெட்டுவார்கள். கல்யாணத்துக்கு இரவல் போன அண்டா ஒழுங்காக வீடு திரும்ப வேண்டும் என்பது ஒரு காரணம். சீராக வந்தது எது என்பதற்கு அதுவே அத்தாட்சி என்பது இன்னொன்று. பட்டா தாத்தா பெயரில், ரேஷன் அட்டை தாத்தா பெயரில். அந்த வீட்டில் பாட்டியின் பெயர் எழுதியிருந்த இடம் பெரும்பாலும் அவள் கொண்டுவந்த தவலை ஒன்றுதான். எவர்சில்வர் வந்த புதிதில் அதைத்தான் தெருவில் வந்தவரிடம் எடைக்குப் போட்டோம். இப்போது பழைய உருளியைத் தேடிப்பிடித்துக் கேட்ட விலை கொடுத்து வாங்கி, வரவேற்பறையில் பூ மிதக்க விடுகிறோம். யார் வீட்டுப் பாட்டி பெயரோ அதில்! சரி, போனது போகட்டும்.

இருப்பதைப் புழங்குங்கள் என்பதுதான் என் கட்சி. கைபடாத பித்தளையில் களிம்பு ஏறிக்கொண்டே போகும். புளி போட்டுத் தேய்த்தால் அதன் அமிலம் களிம்பைக் கரைத்துவிடும். தேய்த்த கையோடு கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். பெயர் வெட்டிய இடத்தில் மட்டும் கம்பி நார் வேண்டாம், எழுத்து மழுங்கிவிடும்.

சமைப்பதென்றால் உள்ளே ஈயப்பூச்சு இருக்க வேண்டும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. புளிக்குழம்போ தயிரோ பட்டால் உலோகம் சாப்பாட்டில் இறங்கும். ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரப் பொடி தூவி, ஈயத்தை ஓர் இழுப்பு இழுத்துப் பஞ்சால் துடைப்பார். புகை கிளம்பும், உள்பக்கம் பளிச்சென்று வெளுத்துவிடும். அவர் பூசுவது வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் நஞ்சு. ஈயச்சொம்பு வாங்கும்போதும் இதே கேள்விதான்.

ஈயச்சொம்பைப் புது மருமகள் கையில் கொடுக்குமுன் ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது, சொம்பு தப்பிக்கும். வெறுமனே அடுப்பில் வைத்தால், திரும்பிப் பார்ப்பதற்குள் சொம்பு பர்னரில் ஒழுகியிருக்கும். அப்புறம் மாமியாரைச் சமாதானம் செய்ய என்னால் முடியாது.

இனி, யாருக்கு எது? சீர்ப் பாத்திரம் அந்தப் பெண்ணுக்கே சொந்தம். சீதனம் முழுக்க மனைவியின் உடைமை, கணவன் வீட்டாரிடம் இருந்தாலும் அது அவர்களுடையது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் உயில் எழுதாமல் காலமானால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன்கள், மகள்கள், கணவர் எல்லோருக்கும் சம பங்கு. நிலத்தைப் பிரிக்கலாம். ஓர் உருளியை எப்படி மூன்றாக்குவது? வீட்டை அமைதியாகப் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி, அம்மாவின் காபி ஃபில்டருக்காகப் பேச்சை நிறுத்துவார்கள். சிரிக்காதீர்கள், உங்கள் சொந்தத்திலேயே ஒரு வீடு இப்படி இருக்கும்.

ஆகவே தாய்மார்களே, கையில் தெம்பு இருக்கும்போதே எழுதி வையுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர்களையும் போடச் சொன்னால் போதும். நிலம், நகைக்குக் கீழே "ஈயச்சொம்பு சின்னவளுக்கு" என்று ஒரு வரி எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது. அதைவிட நல்லது, இருக்கும்போதே கையில் கொடுப்பது. கொடுக்கும்போது எந்த ஊரில் வாங்கியது, யார் கல்யாணத்துக்கு வந்தது என்று சொல்லிக் கொடுங்கள். செல்போனில் பதிவு செய்யப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூஜை அறையில் 100 ஆண்டு கடந்த விக்கிரகம் இருந்தால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பாசத்தில் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்து, விமான நிலையத்தில் பிள்ளையை மாட்டிவிடாதீர்கள். உங்கள் கல்யாணத்துக்கு வந்த உருளியைக் கொடுத்தனுப்புங்கள். கனம் அதிகம், எடை வரம்பை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.