அடுப்படியில் நின்றவருக்குத்தான் தெரியும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"தடுமாறும் கால்பந்து அணியைக் கரைசேர்ப்பவர் வெளியிலிருந்து வரும் பெரிய பெயரா, உள்ளேயே இருக்கும் துணைப் பயிற்சியாளரா?" இதுதான் தலைப்பு. நான் துணைப் பயிற்சியாளர் பக்கம். எனக்கு முன்னால் பேசிய நண்பர், "வீடு தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவோமா, அடுப்படியில் நிற்பவரைக் கூப்பிடுவோமா?" என்று கேட்டு நன்றாகக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். சரி, வண்டியே வரட்டும். இறங்கியதும் அவர்கள் என்ன கேட்பார்கள்? "உள்ளே யார் யார் இருக்கிறார்கள், சிலிண்டர் எந்தப் பக்கம்?" பதில் யாரிடம் இருக்கிறது ஐயா? அடுப்படியில் நின்றவரிடம்தானே!

இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்கு வருவோம். 2011-இல் அவர்கள் பெரிய பெயரைத்தான் தேடிப் போனார்கள். யூரோப்பா லீக் கோப்பையை வென்ற கையோடு இருந்த பயிற்சியாளர் ஆந்த்ரே வில்லாஸ் போவாஸ், அவருடைய கிளப்பான போர்ட்டோவுக்கு ஈட்டுத்தொகை கொடுத்து அழைத்துவரப்பட்டார். அவருக்குத் துணையாக வந்தவர் ராபர்ட்டோ டி மத்தேயோ, செல்சியின் பழைய மிட்ஃபீல்டர். 1997 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் கோல் போட்டவர். 2000-இல் கால் முறிந்தது. அப்புறம் ஆட முடியாமல் 31 வயதில் ஓய்வு பெற்றார். மனிதர் ஆடிய கிளப், வலித்த கிளப்.

2012 பிப்ரவரியில், ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில், இத்தாலியின் நாப்போலியிடம் 3-1 தோல்வி. அன்று செல்சியின் மூத்த வீரர்கள் லாம்பார்டும் ஆஷ்லி கோலும் எசியனும் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டார்கள். துணைப் பயிற்சியாளரின் இடமும் அந்தப் பெஞ்ச்தான், கவனியுங்கள். யார் முகம் எப்படிச் சுண்டிப்போனது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் உண்டா? மார்ச் தொடக்கத்தில் பெரிய பெயருக்கு வேலை போனது. பத்தே நாளில் அதே நாப்போலியோடு மறு ஆட்டம்; இரண்டு ஆட்டத்தின் கோல்களையும் கூட்டித்தான் முடிவு. புதிதாக ஒரு வீரரை வாங்கவும் வழியில்லை. டி மத்தேயோ பழைய ஆட்களை உள்ளே கொண்டுவந்தார். கோல் போட்டது யார்? ட்ரோக்பா, டெர்ரி, லாம்பார்ட். கூடுதல் நேரத்தில் இவானோவிச். 4-1! இதற்குப் பெரிய வியூகம் எதுவும் தேவைப்படவில்லை. யார் மனம் புண்பட்டிருக்கிறது என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

மே 19, முனிச். இறுதி ஆட்டம், எதிரே ஆடிய ஜெர்மன் கிளப் பேயர்னின் சொந்த மைதானத்தில். டெர்ரி உட்பட நான்கு பேருக்குத் தடை. டி மத்தேயோ என்ன செய்தார் தெரியுமா? சாம்பியன்ஸ் லீக்கில் அதுவரை ஒரு நிமிடம்கூட ஆடியிராத ரயன் பெர்ட்ராண்டை இடது பக்கம் இறக்கினார். 83-வது நிமிடத்தில் பேயர்ன் கோல். 88-இல் கார்னரிலிருந்து ட்ரோக்பா தலையால் முட்டிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் பேயர்ன் வீரர் ராபனின் பெனால்ட்டியை செல்சி கோல்கீப்பர் செக் பிடித்தார். ஷூட்அவுட்டில் 4-3, கோப்பை! அதிர்ஷ்டமே இல்லை என்று சொன்னால் அது பொய். அரையிறுதியில் பார்சிலோனாவுக்காக மெஸ்ஸி அடித்த பெனால்ட்டி மேல்கம்பத்தில் பட்டது எனக்கும் தெரியும். ஆனால் அதிர்ஷ்டம் கதவைத் தட்டும்போது வீட்டில் சண்டை நடந்துகொண்டிருக்கக் கூடாது, இல்லையா?

எதிரணி உடனே கேட்கும்: "அடுத்த ஆறு மாதத்தில் அவரையும் அனுப்பிவிட்டார்களே?" ஆமாம், அந்த நவம்பரில் யுவென்டஸிடம் 3-0 தோற்றதும் அனுப்பிவிட்டார்கள். ஆனால் கரைசேர்த்த பிறகு படகை யாரிடம் கொடுப்பது என்பது வேறொரு பட்டிமன்றம். அழைத்தால் அதற்கும் வருகிறேன்.

எங்கள் பக்கமும் தப்பு நடக்கும். 2019-இல் இங்கிலாந்தின் எவர்ட்டன் கிளப்பின் இடைக்காலப் பயிற்சியாளராக நின்ற டங்கன் ஃபெர்குசன், கிளப்பின் பழைய ஸ்ட்ரைக்கர், செல்சியை 3-1 என்று வென்று பந்து பொறுக்கும் பையன்களைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். அடுத்த வாரம் மாற்று வீரராக மொய்ஸே கீனை இறக்கி, இருபது நிமிடம்கூட ஆகாமல் வெளியே எடுத்தார். அந்தப் பையன் தலைகுனிந்து நடந்து போனது எனக்கே பிடிக்கவில்லை.

அர்ஜென்டினாவைப் பாருங்கள். 2018 உலகக் கோப்பைக்குப் பெரிய பெயரான சம்பாவோலியோடு போனார்கள். பிரான்ஸிடம் 4-3 தோற்றுத் திரும்பினார்கள். பொறுப்பு, தற்காலிகமாக, துணையாக இருந்த லியோனல் ஸ்கலோனியிடம் வந்தது. 2006-இல் மெஸ்ஸியோடு ஒரே உலகக் கோப்பை அணியில் இருந்தவர். அதற்குமுன் எந்தச் சீனியர் அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. "கத்துக்குட்டி" என்று எதிரணி நண்பர் சொன்ன சொல்லை அன்று அர்ஜென்டினாவில் பலரும் சொன்னார்கள். கத்துக்குட்டி 2021-இல் பிரேசிலை அவர்களுடைய மரக்கானா மைதானத்திலேயே வீழ்த்தி, 28 ஆண்டுகளுக்குப் பிறகு தென் அமெரிக்கக் கோப்பையான கோபா அமெரிக்காவைக் கொண்டுவந்தது. 2022-இல் கத்தார் உலகக் கோப்பையில் முதல் ஆட்டத்தில் சவூதியிடம் அடி. அடுத்து மெக்சிகோவுக்கு எதிராக மெஸ்ஸி கோல் போட்டதும் பெஞ்சில் கண்கலங்கியவர் பாப்லோ ஐமார். அவரும் பழைய வீரர், ஸ்கலோனியின் துணை. அந்தக் கண்ணீரை எந்த ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவீர்கள்? உலகக் கோப்பை எங்கே போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மணி அடிக்கப் போகிறார் நடுவர். ஒரே ஒருவரைச் சொல்லிவிடுகிறேன். டோனி பார்க்ஸ். 1970-இல் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பில் வீரராகச் சேர்ந்தவர், 2004 வரை அங்கேதான் இருந்தார். 1996 அக்டோபரில் பயிற்சியாளர் ரே ஹார்ஃபோர்ட் விலகியபோது, அந்தச் சீசனின் லீக்கில் ஒரு வெற்றிகூட இல்லாமல் அணி கடைசி இடத்தில் கிடந்தது. பார்க்ஸ் ஏற்றுக்கொண்டார். வருவதாக ஒப்புக்கொண்ட பெரிய பெயர் ஸ்வென் கோரான் எரிக்சன். கடைசியில் அவர் இத்தாலியின் லாட்சியோ கிளப்புக்குப் போய்விட்டார். பார்க்ஸ் அணியை 13-வது இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தக் கோடையில் நாற்காலி ராய் ஹாட்சனுக்குப் போனது, பார்க்ஸ் பழையபடி துணை இடத்துக்குத் திரும்பினார்.

பிளாக்பர்னின் இடைக்காலப் பொறுப்பு அவர் கைக்கு மொத்தம் ஆறு முறை வந்தது. நிரந்தரப் பொறுப்பு ஒரு முறைகூட வரவில்லை. இதை எதிரணி தங்களுக்குச் சாதகமாகச் சொல்வார்கள் என்று தெரியும். சொல்லட்டும். அவரால் ஆகாதென்றால் ஆறாவது முறையும் ஏன் அவரையே கூப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். உட்காருகிறேன், நடுவர் அவர்களே.